முதலில் வார்டு, பிறகு கல்லூரி

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்வதற்கு மாநில அளவில் நுழைவுத் தேர்வு கிடையாது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை அகற்றி 2006-ல் இயற்றிய சட்டத்தின் வழியில், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை போடுகிறார்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்த வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘நர்சிங்குக்கும் நீட் எழுதணுமா?’ என்பதுதான். ‘டிகிரியா, டிப்ளமோவா?’ என்பது இரண்டாவது. ‘எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?’ என்பது மூன்றாவது. அந்தக் கல்லூரியின் மாணவிகள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறார்கள், அங்கே எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்ற நான்காவது கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வார்டை வைத்துக் கல்லூரியையும், கல்லூரியையும் கையிருப்பையும் வைத்து டிகிரியா டிப்ளமோவா என்பதையும் முடிவு செய்துகொண்டால், எந்தத் தேர்வுக்கு எவ்வளவு உழைப்பது என்ற கேள்விக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

படிப்புகளின் பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். கிராம சுகாதாரப் பணிக்கானது. ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ நர்சிங் மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டு படித்துப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பெறலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. டிப்ளமோவானாலும் டிகிரியானாலும் முடித்தபின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஒருவர் சட்டப்படி செவிலியர். ‘பத்தாம் வகுப்பு போதும், ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நர்சிங் உதவியாளர் சான்றிதழ்கள் இந்தப் பதிவுக்கு உதவாதவை. வெள்ளை உடையும் தொப்பியும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக அது நர்சிங் படிப்பாகிவிடாது. ஏழை வீடுகளின் பணத்தையும் பெண்களின் இளமையில் ஓரிரு ஆண்டுகளையும் விழுங்கும் இந்தப் பள்ளத்தைப் பற்றி இதற்கு மேல் ஆராய எதுவுமில்லை. பதிவு உண்டா என்று கேட்டால் போதும்.

இனி வார்டுக்கு வருவோம். இந்தியாவில் நர்சிங் கல்வி பிறந்த வரிசையே ஒரு சான்று. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியதைத்தான் இந்நாட்டின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளி என்று நர்சிங் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளி ஆரம்பித்தபோது அவருடைய மருத்துவமனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. ஆஸ்பத்திரி, அதற்குள் பள்ளி, பள்ளி வளர்ந்து கல்லூரி என்பதே அந்த முறை. பின்னாளில் தனியார் கல்லூரிகள் பெருகியபோது இது புரண்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் நான்கு மாடிக் கட்டடம் முதலில் எழுந்தது, பேருந்து வாங்கினார்கள், அங்கீகாரம் வந்தது. ஆஸ்பத்திரி என்பது எங்கோ ஓர் ஊரில் கையெழுத்தான ஒப்பந்தமாகச் சுருங்கியது. எல்லாத் தனியார் கல்லூரியும் இப்படியில்லை. பழைய மிஷன் மருத்துவமனைகளும் சில பெரிய அறக்கட்டளை மருத்துவமனைகளும் நடத்தும் கல்லூரிகள் பழைய வரிசையிலேயே இருக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆஸ்பத்திரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடத்திட்டமே பதில் சொல்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அறிவித்த புதிய விதிமுறைப்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டுப் பருவங்கள் கொண்டது. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் ஒரு பருவத்துக்கு 20 மணி நேரம். வார்டுப் பயிற்சியில் ஒரு கிரெடிட் என்றால் 80 மணி நேரம். எட்டாம் பருவம் ஏறக்குறைய முழுவதும் வார்டுதான்: 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம், மொத்தம் 1,056 மணி நேரம். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் என்று பிரித்துப் போடுகிறார்கள். இந்த மணி நேரங்களில் நோயாளி இல்லாவிட்டால் படிப்பில் பாதி இல்லை என்று பொருள். ஒரு நரம்பில் ஊசி ஏற்றுவதை நூறு முறை பார்த்தாலும் கை பழகாது. சுருங்கிய நரம்புள்ள முதியவருக்கும், கையை உதறும் குழந்தைக்கும், நீர்ச்சத்து வற்றி வந்திருக்கும் பேதி நோயாளிக்கும் தானே போட்டால்தான் பழகும். ஒரு நோயாளியின் மூச்சு மாறிவிட்டது என்பதை மானிட்டர் அலறுவதற்கு முன்பே கவனிக்கும் கண் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வருவதில்லை.

இதனால்தான் கவுன்சிலின் விதிகள் கட்டடத்தைவிடக் கட்டிலை அதிகம் எண்ணுகின்றன. பட்டப்படிப்புக் கல்லூரிக்கு 100 படுக்கைகளாவது கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும். படுக்கைகளில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும். இணைப்பு மருத்துவமனைகள் 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆய்வுக்குழு வரும் நாளில் இவையெல்லாம் சரியாகவே இருக்கும். மற்ற நாட்களில் என்ன நிலை என்பதற்கு மத்தியப் பிரதேசம் ஓர் எச்சரிக்கை. அங்கே வசதியே இல்லாத நர்சிங் கல்லூரிகள் காகிதத்தில் நடப்பதாக வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024-ல், கல்லூரிகளை ஆய்வு செய்யப் போன சிபிஐ அதிகாரியே லஞ்ச வழக்கில் கைதானார். அங்கீகாரக் கடிதம் அவசியம்தான். ஆனால் அது ஆய்வு நடந்ததற்கான சான்று மட்டுமே, வார்டில் நோயாளி இருப்பதற்கான சான்று ஆகாது.

மகப்பேறு வார்டை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். ஆகவே மதுரையிலோ சேலத்திலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிலும் மாணவி ஒரு வார இரவுப் பணியில் பார்க்கும் பிரசவங்களை, சிறிய தனியார் மருத்துவமனையில் பயிலும் மாணவி ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தாலும் பார்க்க முடியாமல் போகலாம். ஆனால் இருவரின் பதிவேட்டிலும் கடைசியில் அதே எண்ணிக்கைதான் எழுதப்பட்டிருக்கும். ஒரே பிரசவத்தைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அங்கே நோயாளி உண்டு, கருவி உண்டு, ஆனால் பணம் கட்டி வந்த நோயாளியைத் தொட மாணவிக்கு எந்த அளவு அனுமதி என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அதற்கு ஈடாக, நவீன தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒழுங்கையும், எதையும் எழுதி வைக்கும் பழக்கத்தையும் அவை சொல்லித்தருகின்றன. நெரிசல் மிகுந்த அரசு வார்டில் இந்த இரண்டும் சில சமயம் விடுபட்டுப்போகும்.

இப்போது பொம்மைகள் வந்துவிட்டனவே, சிமுலேஷன் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் பழகலாமே என்று ஒரு மறுப்பு வரும். புதிய பாடத்திட்டமும் அதற்கு இடம் தருகிறது. முதல் ஊசியை மனித உடம்பில் போடாமல் பொம்மையில் போடுவது நோயாளிக்கும் நல்லது. ஆனால் பொம்மை பயப்படுவதில்லை. அதன் மகன் வந்து ஏன் இன்னும் டாக்டர் வரவில்லை என்று சத்தம் போடுவதில்லை. ஆய்வகம் வார்டுக்கு முந்தைய படி. அதையே வார்டாகக் காட்டும் கல்லூரி ஆய்வகத்தைப் பார்வையாளர்களுக்கு முதலில் திறந்துகாட்டும். அதைக் கண்டு மயங்காமல், மாணவிகளின் போஸ்டிங் அட்டவணையைக் கேட்பது நல்லது. எந்த மாதம் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, இரவுப் பணி உண்டா, மாணவிகளோடு வார்டுக்கு ஆசிரியர் வருகிறாரா, இல்லை வார்டுச் சிஸ்டரிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களா என்று மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். அதே ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்றால் மிச்சமும் தெரிந்துவிடும்.

டிகிரியா டிப்ளமோவா என்ற கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது அதன் கூர்மை குறைகிறது. பணியின் தொடக்கத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பலர் நினைப்பதைவிடச் சிறியது. பதிவு ஒன்றே. தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களை எடுக்கும்போது இருவரையும் ஒரே பணிக்குத்தான் எடுக்கிறது. 2015-ல் அந்த வாரியம் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொகுப்பூதியத்தில் சேர்த்தபோது, டிகிரி படித்தவருக்கும் டிப்ளமோ படித்தவருக்கும் மாதம் 7,700 ரூபாய்தான். இந்த நிலையை எதிர்த்து 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராடிய செவிலியர்களில் இரு தரப்பும் இருந்தனர். தனியார் மருத்துவமனைகளில் ஊதியத்தைத் தீர்மானிப்பது பட்டத்தைவிட ஆஸ்பத்திரியின் அளவும் நிர்வாகத்தின் மனமும்தான். உச்ச நீதிமன்றம் 2016-ல் தந்த உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஊதியத்தைப் படுக்கை எண்ணிக்கையோடுதான் கட்டியது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்குச் சமமான ஊதியம்; 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; மிகச் சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்தப் பரிந்துரை எத்தனை ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வந்தது என்று செவிலியர் சங்கத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு கசந்த சிரிப்புதான் பதிலாக வரும்.

டிகிரியின் பலன் வாசலில் தெரியாது, மாடி ஏறும்போது தெரியும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வு தெளிவான உதாரணம். நர்சிங் ஆபீசர் பணிக்கு 2020 முதல் நடக்கும் இந்தத் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் நேராக எழுதலாம். டிப்ளமோ முடித்தவர் 50 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்றிய பிறகே எழுதலாம். இங்கேயும் படுக்கை எண்ணிக்கை குறுக்கே வருவதைக் கவனிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய் என்பதால் இரண்டு ஆண்டு முந்திக்கொள்வது சின்ன விஷயமில்லை. கல்லூரி ஆசிரியர் பணி, எம்.எஸ்சி. இரண்டுக்கும் பட்டம் வேண்டும். துணை சுகாதார நிலையங்களில் சமுதாய நல அலுவலர் பணிக்குரிய பாடத்தைப் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது. டிப்ளமோக்காரர் அதற்குத் தனியே ஆறு மாதச் சான்றிதழ் படிக்க வேண்டியிருந்தது. வெளிநாடு என்று வந்தால் நிலை மீண்டும் மாறுகிறது. பிரிட்டனிலும் வளைகுடாவிலும் இரண்டு படிப்பினரும் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஆளை நிறுத்திவைப்பது ஆங்கிலத் தேர்வும் பணி அனுபவமும்தான்.

ஜி.என்.எம். படிப்பை மூடப்போகிறார்களாமே, எல்லாம் டிகிரி ஆகப்போகிறதாமே என்ற பேச்சு டிப்ளமோவுக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் காரணம். அப்படியொரு யோசனை நர்சிங் கவுன்சிலில் எழுந்தது உண்மை. நடைமுறைக்கு வராமல் நின்றுபோனதும் உண்மை. நாளை வந்தாலும் ஏற்கெனவே பதிவு பெற்றவரின் பதிவு செல்லாமல் போகாது. போஸ்ட் பேசிக் வழியாகப் பட்டமும் பெறலாம். மூன்றும் இரண்டும் ஐந்து ஆண்டு ஆகிறதே, நேராகப் படித்தால் நான்குதானே என்பது நியாயமான கணக்கு. அதனால் கைக்கு எட்டும் செலவில், நோயாளி நிறைந்த மருத்துவமனையோடு பி.எஸ்சி. இடம் கிடைக்குமானால் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். சிக்கல் அங்கே இல்லை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்த மாணவிக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருக்கும்: கடன் வாங்கிச் சேர வேண்டிய, ஆஸ்பத்திரி காலியாகக் கிடக்கும் தனியார் பி.எஸ்சி. ஒன்று, அரசு மருத்துவமனையோடு ஒட்டிய நர்சிங் பள்ளியில் டிப்ளமோ இன்னொன்று. உறவினர்கள் எல்லோரும் முதல் கதவைத்தான் காட்டுவார்கள், பத்திரிகையில் ‘பி.எஸ்சி.’ என்று போடலாம் என்பதற்காக. திருமணச் சந்தையில் அந்த மூன்றெழுத்துக்கு விலை இருக்கிறது என்பதையும் மறைப்பானேன். நான் இரண்டாவது கதவைத்தான் காட்டுவேன். கடனில்லாமல், கை பழகி, மூன்று ஆண்டில் வெளியே வருபவள் சம்பாதித்துக்கொண்டே பட்டத்தைத் தேடிக்கொள்ள முடியும். பட்டத்தோடும் கடனோடும் பழகாத கையோடும் வருபவளுக்கு வார்டை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

நுழைவுத் தேர்வுக்கு இப்போதுதான் வர வேண்டும். தேர்வு கேட்கும் இடங்கள் எவை என்று பார்த்தால், அவற்றில் முன்னணியில் இருப்பவை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியைப் பின்னால் வைத்திருப்பவை. அதனால்தான் அவற்றுக்காக உழைப்பதில் பொருள் இருக்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்கள் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங்குக்குத் தனியே தேர்வு நடத்துகின்றன: இயற்பியல், வேதியியல், உயிரியலில் தலா 30 கேள்வி, பொது அறிவில் 10, இரண்டு மணி நேரம். புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ராணுவ நர்சிங் சேவையும் அப்படியே. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு கல்லூரிகளில் சேர்த்து 220 இடங்கள், பெண்களுக்கு மட்டும். நீட்டுக்குப் பிறகு பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் சோதிக்கும் கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை உண்டு. படிப்பு முடிந்தால் லெப்டினன்டாகப் பணியில் சேர வேண்டும். வேலூர் சி.எம்.சி. தன் சொந்தத் தேர்வை நடத்துகிறது. கர்நாடகம் மாநிலப் பொது நுழைவுத் தேர்வோடு நர்சிங்கைச் சேர்த்துவிட்டது. ஆக, தமிழ்நாட்டு மாணவிக்கு நுழைவுத் தேர்வு என்பது மாநிலக் கலந்தாய்வுக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வாய்ப்பு. அதைக் கலந்தாய்வுக்கு மாற்றாக நினைத்துக்கொண்டு பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது பெரிய தவறு. 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்தக் கடலில் ராணுவக் கல்லூரிகளின் 220 இடங்களை மட்டும் நம்பி ஓராண்டு வீட்டில் இருந்து படிப்பதை நர்சிங் பயில விரும்பும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்.பி.பி.எஸ். கனவோடு ஓராண்டு இருந்துவிட்டு, கிடைக்காதபோது நர்சிங்குக்கு வருவது வேறு விஷயம். அது அந்த மாணவியின் உரிமை.

தயாரிப்பு என்ற பெயரில் தனிப் புத்தகங்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடப்புத்தகங்களே அடிப்படை. மாநிலப் பாடத்திட்ட மாணவிக்குத் தேவையானது கேள்வியின் வடிவத்துக்குப் பழகுவது. பொதுத் தேர்வில் இயற்பியல் தாளின் 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் கேள்வி 15 மட்டுமே; மீதி எழுதிக் காட்ட வேண்டியவை, அந்த ஒரு மதிப்பெண் கேள்வியிலும் தவறான விடைக்குத் தண்டனை கிடையாது. எய்ம்ஸ், நீட் தேர்வுகளில் எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்வது, தவறுக்குத் தண்டனையும் உண்டு. அந்தத் தண்டனையின் கணக்கைப் பயிற்சி மையங்கள் சொல்வதைவிட எளிதாகவே புரிந்துகொள்ளலாம். எய்ம்ஸ் தேர்வில் சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வந்ததும் போனதும் சமம். நீட்டில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்பதால் அதே குருட்டு விடையில் நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண் மிஞ்சும். இரண்டிலும், நான்கில் ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளிவிட முடிந்தால் மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது லாபம்தான். அதனால் படிக்கும்போதே ‘இது ஏன் இல்லை’ என்று ஒதுக்கிப் பழகுவது உதவும். உயிரியலை வரி விடாமல் படித்துவிட்டு இயற்பியலைக் கைவிடுவது கணிதம் எடுக்காத குரூப்பில் படித்த மாணவிகளிடம் காணும் பழக்கம். எய்ம்ஸ் தாளில் மூன்று பாடமும் சமம் என்பதால் அந்தப் பழக்கம் அங்கே செல்லாது.

ஆனால் தமிழ் வழியில் படித்த மாணவிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான தயாரிப்பு இயற்பியலும் இல்லை, உயிரியலும் இல்லை. அது ஆங்கிலம். எந்த நுழைவுத் தேர்வும் இல்லாமல் உள்ளே போனாலும், முதல் மாதத்தில் உடற்கூறியல் புத்தகம் ஆங்கிலத்தில்தான் கையில் வரும். பல்கலைக்கழகத் தேர்வு ஆங்கிலத்தில். நோயாளியின் கேஸ் ஷீட் ஆங்கிலத்தில். பணி மாற்றத்தின்போது அடுத்த ஷிப்டுக்குச் சொல்லும் அறிக்கை அரைகுறை ஆங்கிலத்தில். முதலாண்டில் படிப்பை விட்டுப் போகலாமா என்று நினைக்க வைப்பது பல நேரம் இந்த மொழிச்சுவர்தான். பிளஸ் டூ தேர்வு முடிந்து கலந்தாய்வு வரை கிடைக்கும் மாதங்களை, எழுதப்போகாத தேர்வுக்கான பயிற்சி மையத்தில் செலவிடாமல், எலும்புகள், தசைகள், உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் தெரிந்த உடம்போடு பொருத்திப் படிப்பதில் செலவிட்டால் அது நான்கு ஆண்டுக்கும் உதவும். பிறகு வெளிநாட்டு வேலைக்கு வேண்டிய ஓ.இ.டி., ஐஇஎல்டிஎஸ் தேர்வுகளுக்கும் அங்கிருந்துதான் தொடக்கம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. நுழைவுத் தேர்வே வைக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தரம் எப்படி வரும்? கவுன்சிலின் 2021 விதிமுறை நுழைவுத் தேர்வைத்தான் சொல்கிறது: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், நர்சிங் நாட்டம் ஆகியவற்றுக்குத் தலா 20 மதிப்பெண். பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டமும் சேர்க்கைக்குச் சீரான ஒரு முறையைக் கொண்டுவரச் சொல்கிறது. ஆகவே தமிழ்நாட்டு முறை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனினும், தேர்வு வந்தால் தரம் வரும் என்ற தர்க்கம் எனக்கு ஏற்பில்லை. நான்கில் ஒன்றைத் தேர்வது மதிப்பெண்ணுக்கு மதிப்பெண் மாணவர்களைப் பிரித்து நிறுத்தும். நல்ல செவிலியரையும் சுமாரான செவிலியரையும் பிரித்துக் காட்டுமா என்பது வேறு கேள்வி. ‘நர்சிங் நாட்டம்’ என்பதை 20 மதிப்பெண்ணில் அளக்க முயல்வது நல்ல எண்ணம்தான், ஆனால் எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்று பயிற்சி மையங்கள் ஒரே வருடத்தில் கற்றுக்கொடுத்துவிடும். அதற்காக ‘சேவை மனப்பான்மை இருந்தால் போதும்’ என்ற பழைய பல்லவியையும் நான் பாடவில்லை. அந்தப் பல்லவிதான் இத்தனை காலமும் குறைந்த சம்பளத்துக்குப் பின்பாட்டாக இருந்துவந்திருக்கிறது. செவிலியர் தொழிலில் உண்மையான சல்லடை படிப்பின் முடிவில் இருக்கிறது. நார்செட்டின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 80 நர்சிங் பாடத்திலிருந்து வருகின்றன. அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு 2023 முதல், ஒரு நோயாளியின் நிலையைப் படிப்படியாகக் காட்டி, அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும் வடிவத்துக்கு மாறிவிட்டது. வார்டில் நின்று பார்த்தவருக்கு அது நினைவுகூர்தல், பார்க்காதவருக்கு ஊகம்.

இவ்வளவு தேர்ந்தெடுக்க ஏழை மாணவிக்கு ஏது வசதி, கலந்தாய்வில் கிடைப்பதுதானே என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. ஆனால் கலந்தாய்வும் ஒரு தேர்வுதான். விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுகிறோம் என்பதில் அந்தத் தேர்வு நடக்கிறது. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை, சிறுபான்மை நிறுவனம் என்றால் 50 சதவீதத்தை, அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. எனவே ஒரே தரவரிசைக்குப் பல கதவுகள் திறக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் காலி ஆஸ்பத்திரிக் கல்லூரியை மேலே போட்டு, இரண்டு மாவட்டம் தள்ளியிருக்கும் நல்ல மருத்துவமனைக் கல்லூரியைக் கீழே போடுவதுதான் அதிகம் நடக்கிறது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கவலை பொய்யில்லை. ஆனால் நான்கு ஆண்டு கழித்து அவளை டெல்லிக்கோ துபாய்க்கோ வேலைக்கு அனுப்பத் தயாராக இருக்கும் வீடு, படிப்புக்கு மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்பது முரண். அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது டிப்ளமோவுக்கும் உண்டு. சேரும் நாளில் பார்க்க வேண்டியது கட்டணப் பட்டியலை மட்டுமில்லை. படிப்பு முடிந்ததும் எங்கள் மருத்துவமனையில் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நர்சிங் கவுன்சில் தடைசெய்திருக்கிறது. அது இன்னும் ஒழிந்துவிடவில்லை.

ஆண்களின் நிலையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமையாகாது. ராணுவக் கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டின் அரசு டிப்ளமோ பள்ளிகளும் அப்படியே. நார்செட்டில் 80 பங்கு பெண்களுக்கு, 20 பங்கு ஆண்களுக்கு. மனநலப் பிரிவிலும் அவசர சிகிச்சையிலும் எலும்பு முறிவுப் பிரிவிலும் ஆண் செவிலியர் தேவை கண்கூடு. கதவுகள் மட்டும் ஒடுக்கமாக இருக்கின்றன. ஆகவே ஆண் மாணவர் ஒருவர் பெரும்பாலும் தனியார் கல்லூரியைத்தான் நாட வேண்டியிருக்கும், ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சேரும் கவனம் அவருக்கு இரட்டிப்பாக வேண்டும்.

2014-க்குப் பிறகு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் வளாகத்திலேயே 157 நர்சிங் கல்லூரிகளைக் கட்ட மத்திய அரசு 2023 ஏப்ரலில் 1,570 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பங்கு 11. பழைய வரிசை திரும்பி வருகிறது என்று இதைப் பார்க்கலாம்: ஆஸ்பத்திரி முதலில், கல்லூரி பிறகு. கட்டிலும் நோயாளியும் அங்கே தயாராக இருக்கிறார்கள், பிரசவ அறையும் இரவு பகலாக இயங்குகிறது. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் அந்த வார்டுகளில் கூட நின்று சொல்லித்தரப்போகும் எம்.எஸ்சி. படித்த செவிலியர்களை எந்தச் சம்பளத்தில், நிரந்தரப் பணியிலா தொகுப்பூதியத்திலா, எடுக்கப்போகிறார்கள் என்பதுதான் விருப்பப் பட்டியல் நிரப்பும் மாணவி இந்தப் புதிய கல்லூரிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.